கல்யாண நாளும் மேப்பிள் இலையும்

அக்டோபர் 8-ஆம் தேதி கல்யாணமான ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். ஊர், அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தலைநகரம் கான்கார்ட். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிள்ளைகள் வேறு வேறு ஊர்களில். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். கல்யாண நாளென்று விருந்து கிடையாது, நகை கிடையாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காலையில் காரில் கிளம்பி, மலையில் மரங்கள் நிறம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதுதான் கொண்டாட்டம். அந்தப் பக்கத்தில் இப்படிக் கொண்டாடுகிற வயதான தம்பதிகள் நிறைய. நாமும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் காரின் பின் இருக்கையில் ஏறிக்கொள்வோம்.

இவர்களுக்கு ஒரே ஒரு சிக்கல். கல்யாணத் தேதி மாறாது. மரம் அந்தத் தேதிக்குக் கட்டுப்படாது. போன வருஷம் இதே நாளில் பற்றி எரிகிறாற்போல இருந்த மலைச்சரிவு, இந்த வருஷம் பாதி பச்சையாக நிற்கும். அடுத்த வருஷம் அதே இடத்தில் வெறும் குச்சிகள்தான் மிஞ்சியிருக்கும். அப்படியானால் எங்கே போவது? அதைச் சொல்வதற்கு முன் இலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கோடையில் இலை பச்சையாக இருப்பது பச்சையத்தால் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அங்கே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பச்சையம் ஒரு தடவை செய்து வைத்தால் அப்படியே இருந்துவிடுகிற பொருள் அல்ல. வெயிலில் அது சிதைந்துகொண்டே இருக்கும். மரம் புதிதாகச் செய்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். செய்வதை மரம் நிறுத்தினால் பச்சை தானாகவே குறைந்துவிடும்.

மரம் ஏன் நிறுத்துகிறது? அந்த ஊர்க் குளிர்காலத்தில் நிலத்து நீர் உறைந்துபோகும், வேரால் உறிஞ்ச முடியாது. மெல்லிய அகன்ற இலைகளை அப்படியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் ஈரமும் போய், இலையும் உறைந்து கிழிந்துபோகும். அதனால் மரம் இலையைக் காலி செய்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிற குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி, குழல்விளக்கு, காஸ் அடுப்பு என்று காசு போட்டு வாங்கியதையெல்லாம் கழற்றி எடுத்துக்கொள்வார்கள், சுவரை விட்டுவிட்டுப் போவார்கள். மரமும் அப்படித்தான். இலையில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியையும், பாஸ்பரஸில் கணிசமான பங்கையும் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சையத்தையும், அதைத் தாங்கி நிற்கும் புரதங்களையும் பிரித்துப்போட்டால்தான் அந்த நைட்ரஜன் கைக்கு வரும்.

பெரிய பீரோவை நகர்த்தியதும் அதற்குப் பின்னால் சுவரின் பழைய மஞ்சள் தெரியுமே, இலையின் மஞ்சளும் அப்படித்தான் தெரிய வருகிறது. யாரும் புதிதாகப் பூசியது அல்ல. கரோட்டினாய்டு என்ற இந்த மஞ்சள் நிறமிகள் வசந்தத்தில் துளிர்விட்ட காலம்தொட்டு இலைக்குள்ளேயே இருந்தவை. கேரட்டுக்கும் முட்டைக் கருவுக்கும் நிறம் கொடுப்பதும் இதே குடும்பம்தான். பிர்ச், ஆஸ்பென் மரங்களின் மஞ்சளெல்லாம் இப்படிப் பச்சை விலகியதால் வெளியே வந்ததுதான்.

சிவப்பின் கதை வேறு. மேப்பிளின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி; நாவற்பழத்தைக் கருநீலமாக்குகிற அதே வகை. கோடையில் இது அந்த இலையில் அநேகமாக இல்லை. பச்சை போகிற சமயத்தில்தான் மரம் இதைப் புதிதாகத் தயாரிக்கிறது. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர், போகிற அன்று சுவருக்குச் சாயம் பூசுவாரா? மரம் பூசுகிறது. விஞ்ஞானிகளை நெடுநாளாகக் குடைந்த கேள்வி இது. பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இப்படிப் போகிறது: பச்சையத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் நாட்களில் வெயில் இலையைச் சேதப்படுத்திவிடும், சாமானை எடுத்து முடிக்கும்வரை சிவப்பு ஒரு திரைச்சீலையாக நின்று காக்கிறது. பிரிட்டிஷ் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டனின் யோசனை வேறு. அவர் இறந்த மறு வருஷம், 2001-இல் அது வெளியானது. முட்டையிட வரும் அசுவினிப் பூச்சிகளுக்கு, ‘நான் திடமான மரம், வேறு இடம் பார்’ என்று மரம் காட்டும் எச்சரிக்கையே அந்தப் பளிச்சென்ற நிறம் என்றார். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குத் திரைச்சீலைதான் நம்பும்படி இருக்கிறது.

இப்போது எல்லோரும் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருவோம். நம் தம்பதியில் கணவரும் இந்தக் கட்சிதான். ராத்திரி உறைபனி விழுந்தால்தான் இலை சிவக்கும் என்பார். அந்த ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையிலும் ஜாக் ஃப்ராஸ்ட் என்ற குளிர்க்காரன் தூரிகையோடு வந்து இலைகளுக்கு வண்ணம் பூசிவிட்டுப் போவான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உண்மை அல்ல.

இந்த வழக்கில் முதல் சாட்சி சதுப்பு நிலத்தில் நிற்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் ஆகஸ்ட் கடைசியிலேயே, ஆட்கள் ஏரியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே, நீர் தேங்கிய இடங்களில் நிற்கும் செம்மேப்பிள்கள் சிவந்துவிடும். உறைபனிக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருக்கும். வேர் நீரில் ஊறித் திணறுகிற மரம் முந்திக்கொண்டு கடையைக் கட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது சாட்சியைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சென்னைத் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைப் பாருங்கள். இலை உதிர்க்கும் பருவத்தில் செக்கச்செவேலென்று சிவந்துதான் உதிர்க்கிறது. சென்னையில் உறைபனியை யார் கண்டது?

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. மேப்பிள் அடியில் குனிந்து சிவந்த இலைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தால், சிலவற்றின் நடுவே மஞ்சளாக ஒரு திட்டு இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தத் திட்டுக்கு இன்னோர் இலையின் ஓரம் இருக்கும், கூர்முனைகள்கூடத் தெரியும். கிளையில் இருந்தபோது மேலே ஓர் இலை படிந்து நிழல் விழுந்த இடம் அது. வெயில் பட்ட பகுதி சிவந்தது, படாத பகுதி மஞ்சளாகவே நின்றுவிட்டது. குளிர் இரண்டுக்கும் ஒன்றுதான். சிவப்பை வரவழைத்தது வெளிச்சம் என்று அந்த ஒரு இலையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அப்படியானால் உறைபனி என்னதான் செய்கிறது? கெடுக்கிறது. கடுமையான உறைபனி விழுந்தால் இலையின் செல்கள் உடைந்துவிடும். சிவப்பு தயாரிக்க உயிருள்ள செல் வேண்டும். அத்தகைய இரவுக்கு மறுநாள் இலைகள் பழுப்பாகிச் சுருளும். முதல் உறைபனியும் நிற உச்சமும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் வருவதால் பழி, இல்லை, பெருமை பனிக்குப் போய்விட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

மரத்துக்கு உண்மையில் நாள் பார்த்துச் சொல்வது பகலின் நீளம். அந்த ஊரில் ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல் இருக்கும் பகல், அக்டோபர் 8-ஆம் தேதி 11½ மணி நேரத்தை ஒட்டிக் குறைந்துவிடும். பகல் சுருங்குவது வருஷா வருஷம் ஒரே கணக்கு. அதனால்தான் காலி செய்கிற வேலை எந்த வருஷமும் மார்கழிக்குப் போய்விடுவதில்லை. சில நாள், மிஞ்சினால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்பின் ஆகும். அந்த முன்பின்னை வானிலை தீர்மானிக்கிறது. கோடை வறண்டால் இலை சீக்கிரம் உதிரும். செப்டம்பர் வெதுவெதுப்பாக இருந்தால் தள்ளிப்போகும். மாசசூசெட்ஸில் உள்ள ஹார்வர்ட் ஃபாரஸ்ட் என்ற ஆய்வுக் காட்டில் 1990 முதல் குறிப்பிட்ட மரங்களை வருஷந்தோறும் பார்த்துக் குறித்து வருகிறார்கள். இப்படி ஒரு காட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் பொறுமையாக நடந்து நோட்டில் எழுதுகிற வேலைக்கு, பளபளக்கும் கருவிகளுக்குக் கிடைக்கும் மரியாதை கிடைப்பதில்லை என்பது என் குறை.

வானிலை இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: சிவப்பின் அழுத்தம். பகலில் நல்ல வெயில் அடித்தால் இலை சர்க்கரை செய்கிறது. இரவு, உறையாத அளவுக்குக் குளிர்ந்தால் அந்தச் சர்க்கரை இலையை விட்டு மெதுவாகத்தான் கீழே போகும். இலையில் சர்க்கரை தங்கினால் ஆந்தோசயனின் கூடும். வாரம் முழுக்க மேகமும் வெதுவெதுப்பான மழையுமாக இருந்தால் சிவப்பு மங்கும். மஞ்சளுக்கு இந்தக் கவலை இல்லை, அது எப்படியும் உள்ளே இருந்ததுதானே. மங்கலான வருஷத்தில் மேப்பிளைத் தேடி அலையாமல், வெள்ளைத் தண்டும் மஞ்சள் இலையுமாக நிற்கும் பிர்ச் தோப்புக்கு வண்டியைத் திருப்புவதுதான் கெட்டிக்காரத்தனம். நம் தம்பதியில் மனைவி இதைத்தான் செய்வார்.

இப்போது தேதிச் சிக்கலுக்குத் திரும்புவோம். தேதியை நகர்த்த முடியாது, இடத்தை நகர்த்தலாம். நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கும் இறங்கும். செப்டம்பர் கடைசியில் மாநிலத்தின் வடகோடியில் டிக்ஸ்வில் நாட்ச் பக்கம். அக்டோபர் முதல் பத்து நாட்களில் ஒயிட் மவுன்டன்ஸ். மாத நடுவில் வின்னிபெசாகீ ஏரியும் கான்கார்டின் சொந்தத் தெருக்களும். பிறகு 965 மீட்டர் உயர மொனாட்னாக் மலையைச் சுற்றிய தெற்குப் பகுதி. மாதக் கடைசியில் கடற்கரைப் பக்கத்து ஓக் மரங்கள், செம்பழுப்பாக. ஒரே பெரிய பயணம் போவதற்குப் பதில், மாதம் முழுக்க ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் போய்வருகிற பழக்கம் இதனால் வந்ததுதான்.

கல்யாண நாளுக்கு மட்டும் அவர்கள் போவது கங்காமாகஸ் நெடுஞ்சாலை. லிங்கன் ஊரில் தொடங்கி கான்வே வரை ஒயிட் மவுன்டன் தேசியக் காட்டுக்குள் சுமார் 55 கி.மீ. ஓடும் சாலை. காரணம் அழகு மட்டும் அல்ல. லிங்கனிலிருந்து சாலை ஏறி ஏறிக் கணவாயில் 2,855 அடியைத் தொடுகிறது. லிங்கனைவிட அது சுமார் 2,000 அடி உயரம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வீதம் குளிர் கூடும் என்பதால், மேலே போகப்போக இலையுதிர் காலம் முந்திப்போகும். கணவாயில் மரங்கள் மொட்டையாக நின்றாலும் வருத்தப்பட வேண்டியதில்லை, மறுபக்கம் இறங்கினால் நடு உயரத்தில் சிவப்பு முழு வீச்சில் இருக்கும், இன்னும் கீழே ஸ்விஃப்ட் நதியோரம் பச்சை மிச்சமிருக்கும். அந்த வருஷம் எவ்வளவு முந்தியோ பிந்தியோ இருந்தாலும், 8-ஆம் தேதிக்கு உரிய உயரம் இந்தச் சாலையில் எங்கேயாவது ஓரிடத்தில் இருக்கும். சாபடே அருவிக்கு நடக்கிற தூரம் முட்டி வலிக்காரர்களுக்கும் கட்டுப்படும். 1858-இல் கட்டிய ஆல்பனி கூரைப் பாலம் கான்வேக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. கட்டிவந்த சாப்பாட்டை அதன் பக்கத்தில் பிரிக்கலாம்.

பிள்ளைகளைப் பார்க்க பாஸ்டனுக்கோ நியூ ஜெர்ஸிக்கோ அக்டோபரில் போகிற நம் ஊர்ப் பெற்றோர் இப்போது ஏராளம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தேதியில் போகலாம் என்று கேட்காதீர்கள். இருக்கிற தேதிக்கு எந்த உயரம் என்று கேளுங்கள். அக்டோபர் இரண்டாம் திங்கள் கொலம்பஸ் தின விடுமுறை. அந்த வார இறுதியில் ஊரே அந்தச் சாலையில்தான் இருக்கும், செவ்வாயோ புதனோ போங்கள். மேகம் போட்டுத் தூறுகிறதே என்று பயணத்தை நிறுத்த வேண்டாம், ஈர இலையில் நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். மாலை 6 மணி வாக்கில் இருட்டிவிடும். கைப்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. பெட்ரோலை லிங்கனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பங்க்கூடக் கிடையாது.