தீக்கும் மக்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை நம் ஊர்த் திருவிழாக்களில் வாணவேடிக்கைக்குத் தனியோர் இடம் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் அதிர்வேட்டு முழங்காத திருவிழாவைக் காண்பது அரிது. நம் ஆலயத் திருவிழாவானாலும், கோவில் திருவிழாவானாலும், தலைவர்களை வரவேற்கும் ஊர்வலமானாலும், ஏன், இறுதி ஊர்வலமானாலும் வெடி வெடிக்கிறது. அண்மைக் காலத்தில் இந்நெருப்பு தெருவை விட்டுத் திருமண மண்டபத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. மணமக்கள் மேடையேறும்போது இருபுறமும் தீப்பொறிகள் ஆளுயரத்துக்குப் பூவாய்ச் சொரிகின்றன. காலடியில் வெண்புகை மேகமாய்த் தவழ்கிறது. கூடியிருப்போர் கைதட்டி மகிழ்கின்றனர்.

மகிழ்ச்சி வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. விழா நாளில் ஒளியும் ஒலியும் மனித உள்ளத்தின் இயல்பான வெளிப்பாடு. ஆயினும் இந்நெருப்பை எங்கே கொளுத்தலாம், எங்கே கூடாது, யார் கொளுத்தலாம், யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்பவற்றைச் செலவுக் கணக்கு எழுதும் முன்பே நம் குடும்பங்களும் திருவிழாக் குழுக்களும் எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

கோட்டக்குப்பத்தில் நிகழ்ந்தது

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை ஓரத்தில், புதுச்சேரியை ஒட்டி அமைந்துள்ள ஊர் கோட்டக்குப்பம். 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். ஒரு தந்தை தம் சிறு மகனுடன் நாட்டு வெடிகளை மூட்டையாகக் கட்டி இருசக்கர வண்டியில் எடுத்துக்கொண்டு அவ்வழியே சென்றார். கொளுத்துவார் எவரும் இன்றியே மூட்டை நடுச்சாலையில் வெடித்தது. தந்தையும் மகனும் அவ்விடத்திலேயே மாண்டனர். சாலையில் சென்ற வேறு சிலரும் காயமுற்றனர். அருகிருந்த கண்காணிப்புக் கருவியில் பதிவான அக்காட்சியைக் கண்டு நாடே கலங்கியது.

அத்தந்தையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையை மகிழ்விக்க வெடி வாங்கிச் செல்லும் தந்தையர் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். ஆனால் வெடிமருந்து அன்பை அறியாது. உராய்வையும் அதிர்ச்சியையும் வெப்பத்தையும் மட்டுமே அது அறியும். குளோரேட்டு உப்போடு கந்தகம் கலந்த வெடிமருந்து இலேசான உராய்விலேயே வெடிக்கக்கூடியது. எனவேதான் அக்கலவையை 1992ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்தது. உரிமமின்றிக் குடிசையில் செய்யப்படும் வெடியில் என்ன கலந்திருக்கிறது என்பதை வாங்குபவர் எப்படி அறிவார்? 2020 செப்டம்பரில் காட்டுமன்னார்கோவிலை அடுத்த குருங்குடியில் வெடி தயாரித்த கூடத்தில் நிகழ்ந்த விபத்தில் பெண்கள் பலர் மாண்டனர். மலிவாகக் கிடைக்கும் வெடியின் முழு விலையை யாரோ ஒருவர் எங்கோ செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

சட்டம் கேட்பது தூரத்தை

நம் நாட்டில் வெடிபொருள்களைப் பற்றிய சட்டம் 1884ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் கீழ் 2008இல் வெளியான வெடிபொருள் விதிகள் இன்று நடைமுறையில் உள்ளன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைக் கண்காணிக்கிறது. பொதுமக்கள் கூடும் இடத்தில் வாணவேடிக்கை நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். பழகிய வாணக்காரரே திரியில் தீ வைக்கவேண்டும். வேடிக்கை நடக்கும் இடத்திலிருந்து பார்வையாளர் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கவேண்டும்.

ஒலிக்கும் எல்லை உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் அளவைத் தாண்டும் வெடிகளைச் செய்யவோ விற்கவோ கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியெழுப்பும் வெடிகளை வெடித்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2018இல் சரவெடிகளுக்கும், பேரியம் உப்புக் கலந்த பட்டாசுகளுக்கும் அந்நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 288ஆம் பிரிவு குற்றமாகக் கொள்கிறது.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கினால் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றே என்பது விளங்கும். தீக்கும் மக்களுக்கும் இடையே தூரம் வேண்டும். வெடி வெடிக்கும் இடத்துக்கும் வெடியைச் சேமித்த இடத்துக்கும் இடையே தூரம் வேண்டும். அத்தூரம் குறையும் அளவுக்கு ஆபத்து பெருகும்.

தூரம் குறைந்தபோது விளைவது என்ன என்பதைக் கேரளத்தில் கொல்லத்தை அடுத்த பரவூர் புற்றிங்கல் தேவி ஆலயத்தில் கண்டோம். அங்கே போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. மறுப்பையும் மீறி வேடிக்கை நடந்தது. 2016 ஏப்ரல் 10 விடியுமுன், ஒரு பொறி வெடிகளைச் சேமித்து வைத்திருந்த கட்டடத்தில் விழ, கட்டடமே சிதறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யாருடைய வேட்டு பெரிது என்ற போட்டி, ஒரே இரவில் ஊரையே துயரில் ஆழ்த்தியது. நம் திருவிழாக்களிலும், சென்ற ஆண்டைவிட அதிகமாக வெடிக்கவேண்டும், அடுத்த ஊரைவிட அதிகமாக வெடிக்கவேண்டும் என்ற பேச்சு எழுவதில்லையா?

மண்டபத்துக்குள் நெருப்பு

திறந்த வெளியிலேயே 100 மீட்டர் தூரம் வேண்டுமென்றால், நாற்புறமும் சுவரும் மேலே கூரையும் உள்ள மண்டபத்தில் அத்தூரத்துக்கு எங்கே போவது?

ஈராக் நாட்டில் நினிவே சமவெளியில் காரகோஷ் என்னும் நகர் உள்ளது. அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் தொன்மை வாய்ந்த சிரியக் கிறிஸ்தவ மரபினர். 2014இல் தீவிரவாதிகளின் படையெடுப்பால் ஊரை விட்டு ஓடி, பின்னர் திரும்பி வந்து வீடுகளையும் ஆலயத்தையும் மீண்டும் கட்டிய மக்கள் அவர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மார்ச் 7 அன்று நேரில் சென்று அவர்களுக்கு ஆறுதல் கூறினார். அதே ஊர் மக்கள் 2023 செப்டம்பர் 26 இரவு ஒரு திருமண விருந்தில் கூடியிருந்தனர். மணமக்களின் நடனத்தின்போது தரையிலிருந்து தீப்பொறி ஊற்றுகள் எழுந்தன. பொறி கூரை அலங்காரத்தில் பற்றியது. எளிதில் எரியும் பலகைகளால் ஆன கூரை எரிந்து விருந்தினர் மேல் வீழ்ந்தது. வெளியேறப் போதிய வழிகளும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போருக்குத் தப்பிய குடும்பங்கள் ஒரு மணவிருந்தில் அழிந்தன.

இது எங்கோ தொலைவில் ஒரு முறை நடந்தது என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2003 பிப்ரவரி 20 அன்று, இசை நிகழ்ச்சி மேடையில் எழுந்த பொறிகள் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றி 100 பேரைப் பலிகொண்டன. ஒன்றரை நிமிடத்துக்குள் அக்கட்டடத்தில் மனிதர் உயிர்தாங்க இயலாத நிலை உண்டாயிற்று என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். நம் நாட்டிலேயே 2025 டிசம்பரில் கோவாவின் அர்போரா என்னும் ஊரில் ஒரு கேளிக்கை விடுதியில் எழுந்த தீ 25 பேரின் உயிரைக் குடித்தது. உள்ளே கொளுத்திய வாணமே அதற்குக் காரணமெனக் கூறப்பட்டது. மாண்டோரில் பெரும்பாலோர் அங்கே ஊழியம் செய்து பிழைத்த ஏழைத் தொழிலாளர்.

கூரை அலங்காரம் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் மின்பொறி பட்டுத் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே வாணம் எதுவும் கொளுத்தப்படவில்லை. படம்பிடிக்கும் விளக்குக்குச் சென்ற மின்கம்பியே காரணமாயிற்று. ஒரு மின்பொறிக்கே அந்நிலை என்றால், நாமே விரும்பிப் பொறிகளைச் சொரியவிட்டால் என்ன ஆகும்?

'சுடாத நெருப்பு' என்னும் பேச்சு

மண்டபங்களில் இன்று வைக்கப்படும் கருவியைக் 'கோல்டு பைரோ' என்கின்றனர். 'கையை நீட்டினாலும் சுடாது' என்று கூறி விற்கின்றனர். டைட்டானியம் போன்ற உலோகத் துகள்களைச் சூடேற்றி மேலே வீசுவதே அதன் தொழில். பறக்கும் தனிப்பொறி விரைவில் ஆறிவிடலாம். ஆனால் கருவிக்குள் இருக்கும் துகள் எரியும் தன்மையுடையது. பிளாஸ்டிக் பூவும், தெர்மகோலும், மெல்லிய திரைச்சீலையும் பற்றிக்கொள்ள மனிதர் கையளவு பொறுமை காட்டா. உலோகத் துகளில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் சீறச் செய்யும். உலர்ந்த மணலே உதவும்.

காலடியில் தவழும் வெண்புகையையும் அறிந்துகொள்வோம். அது பெரும்பாலும் உலர் பனிக்கட்டியிலிருந்து எழுவது. உறைந்த கரியமில வாயுவே உலர் பனிக்கட்டி. அதன் குளிர் சுழிக்குக் கீழே 78 பாகை. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். அவ்வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையோரம் தங்கும். அங்கேதான் குழந்தைகள் விளையாடுகின்றனர். சன்னல் திறவாத அறையில் அது மிகுந்தால் மூச்சுத் திணறும்.

பலூன்களும் அவ்வாறே. ஹீலியம் எரியாது, ஹைட்ரஜன் எரியும். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு பொதுவிழாவில் பறக்கவிட வைத்திருந்த ஹைட்ரஜன் பலூன்கள், அருகில் வெடித்த பட்டாசின் பொறியால் வெடித்துப் பலரைக் காயப்படுத்தின.

நாம் செய்யத்தக்கவை

'எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வெடிக்கிறோம். ஒன்றும் ஆகவில்லையே' என்பர் சிலர். பாட்டன் காலத்தில் ஆலயத்தைச் சுற்றி வயலும் திடலும் இருந்தன. இன்று சுற்றிலும் வீடுகளும் கடைகளும் மின்கம்பிகளும் நெருங்கி நிற்கின்றன. இடம் மாறிய பின் வழக்கமும் மாறத்தானே வேண்டும்?

திருமணம் நிச்சயிக்கும் பெற்றோர்க்கு நாம் வேண்டுவது இது: மண்டபத்துக்குள் எவ்வகைப் பொறியும் வேண்டாமென்று அலங்காரக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மண்டபத்தைப் பார்க்கச் செல்லும்போது சமையற்கட்டைப் பார்ப்பது போலவே வெளியேறும் கதவுகளையும் எண்ணிப் பாருங்கள். அவை பூட்டியிருக்கின்றனவா, நாற்காலிகளால் அடைபட்டிருக்கின்றனவா என்று விழா அன்றும் ஒருவர் சுற்றிப் பார்க்கட்டும்.

திருவிழாக் குழுவினர்க்கு: உரிமம் பெற்ற வாணக்காரரையே அமர்த்துங்கள். வெடிகளை ஆலய வளாகத்திலோ, பங்கு இல்லத்திலோ, பள்ளி அறையிலோ சேமிக்க இடம் தராதீர்கள். வாணம் கொளுத்தும் திடலைக் கயிறு கட்டி வரையறுங்கள். காற்று வலுத்தாலோ, மக்கள் கயிற்றைத் தாண்டி வந்தாலோ, 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் சொல்லைக் குழுத் தலைவரும் மீறக்கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு முன்னரே தெரிவியுங்கள். அதன் தொலைபேசி எண் 101. அவசர ஊர்திக்கு 108. வெடியை இருசக்கர வண்டியில், அதுவும் பிள்ளையை அமர்த்திக்கொண்டு, எடுத்துவர எவரையும் அனுப்பாதீர்கள்.

அடுத்த திருவிழாக் கூட்டத்தில் 'வாணவேடிக்கை' என்ற வரி வரும்போது, தொகையைக் கேட்கும் முன் தூரத்தைக் கேளுங்கள். திடல் எத்தனை மீட்டர் அகலம்? மக்கள் எங்கே நிற்பர்? வெடி எங்கே வைக்கப்படும்? தெளிவான விடை கிடைக்காவிடில், இவ்வாண்டு அவ்வரியை அடித்துவிட்டுத் தேரை விளக்கொளியாலும் இன்னிசையாலும் அழைத்து வாருங்கள். திருவிழாவின் சிறப்பு அதனால் குறையாது. அன்றிரவு வந்தவர் அனைவரும் தம் பிள்ளைகளோடு வீடு சேர்வர்.