ஒரே பெயர், மூன்று குடும்பம்

ரசத்துக்குப் போடும் சீரகத்தில் ஒன்றை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் ஓடும். அவற்றின்மேல் பொடிப்பொடியாய் முடிகள் ஒட்டியிருக்கும். விதை என்றே பழகிவிட்டோம். ஆனால் அது காய்ந்த கனி. முற்றியபின் இரண்டாகப் பிரியக்கூடிய இரட்டைக் கனி. குறுக்கே சீவிப் பார்த்தால் ஒவ்வொரு பாதியிலும் ஆறு நுண்ணிய எண்ணெய்க் குழல்கள் தெரியும். தாளிக்கையில் வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் இத்தனை நேரமும் அடைபட்டிருந்தது அங்கேதான். மணத்துக்கு முதற்காரணம் குமினால்டிஹைடு.

சோம்பு எனும் பெருஞ்சீரகத்துக்கும் இதே கட்டுமானம்தான். வரிகள் உண்டு, ஆறு குழல்கள் உண்டு. முடி மட்டும் இல்லை. குழலுக்குள் இருப்பது அனெத்தோல் என்பதால் நாக்கில் இனிக்கிறது. கொத்தமல்லி, ஓமம், சதகுப்பை எல்லாம் இவற்றின் உறவு. பூக்காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிபோல் விரியும் குடும்பம் இது.

கருஞ்சீரகத்தை அதே கண்ணாடியில் வைத்தால் உறவு அறுந்துவிடும். வரிகளே கிடையாது, மூலை மூலையாக முனை வைத்த கரிய மணிகள். இது அசல் விதை. உப்பிய காய்க்குள் அறை அறையாக அடுக்கி விளைகிறது. நஞ்சுக்குப் பேர்போன வத்சநாபியும் இதன் குடும்பம்தான். இந்தக் குடும்பமும் சீரகக் குடும்பமும் கிளை பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது! கருஞ்சீரகத்தை நசுக்கினால் வரும் நெடியில் தைமோகுவினோன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. நாட்டு மருந்துக்கடைக் காட்டுச்சீரகமோ சூரியகாந்திக் குடும்பம், கடும் கசப்பு. குடற்புழுவுக்கான மருந்துச்சரக்கு அது, சமையலுக்கு ஆகாது.

சமையலறையில் உண்மையிலேயே ஏமாற்றுவது இன்னொன்று. வடநாட்டுச் செய்முறைகளில் வரும் 'காலா ஜீரா'வை அப்படியே கருஞ்சீரகம் என்று எழுதிவிடுகிறார்கள். பிரியாணிக்கு அங்கே பெரும்பாலும் கேட்பது ஷாஜீரா. சீரகத்தைவிட மெலிந்து, பிறைபோல் வளைந்த கரும்பழுப்புக் கனி. வரிகளைப் பார்த்ததுமே குடைப்பூக் குடும்பம் என்று தெரிந்துவிடும். கருஞ்சீரகம் போட்டால் அந்த மணம் வராது, கசப்புதான் தட்டும்.

விலையிலும் சீரகமும் ஷாஜீராவும் வெகுதூரம். குஜராத், ராஜஸ்தான் வயல்களில் நவம்பரில் விதைத்த சீரகம் கோடைக்குள் ஊஞ்சா சந்தைக்கு வந்துவிடும். இமயத்தின் கின்னோர் சரிவுகளில் வளரும் ஷாஜீராவோ மண்ணுக்குள் கிழங்கு பருக்கச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, அதன்பிறகே முதல் பூவைக் காட்டும்.