முள்ளந்தண்டில் அடிபட்டால் அவசரம், டிஸ்க் விலகினால் பொறுமை

பனையிலிருந்து விழுந்தவரைக் கைகாலில் பிடித்துத் தூக்கி, ஓட்டோவில் மடக்கி இருத்தி, இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் பறப்பதை வடமராட்சியில் இன்றும் காணலாம். நாரி நோ காலுக்கு இறங்கிய மறுகிழமையே எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு கொழும்புக்கோ சென்னைக்கோ ஒப்பரேசனுக்கு நாள் குறிப்பவர்களையும் இங்கேதான் காண்கிறோம். முதலாமவரைத் தூக்குவதில் நிதானம் வேண்டும். தூக்கிய பின் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது. இரண்டாமவருக்கோ பெரும்பாலும் சில கிழமைகள் காத்திருக்க இடம் இருக்கிறது. எங்கே விரைய வேண்டும், எங்கே பொறுக்க வேண்டும் என்பதைச் சத்திரசிகிச்சை ஆராய்ச்சிகள் ஓரளவு தெளிவாகவே காட்டிவிட்டன. அந்தத் தெளிவு எங்கள் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் கவலை.

விழுந்தவரைத் தூக்குமுன்

முண்ணாண் ஏறக்குறைய சின்ன விரல் தடிப்புள்ள மென்மையான நரம்புத் தொகுதி. அதைச் சுற்றி முள்ளென்புகள் காவலாக நிற்கின்றன. என்பு உடைந்து நிலை குலைந்தால், அந்தக் காவலே ஆபத்தாக மாறிவிடும். விழுந்த நேரத்தில் முண்ணாண் தப்பியிருந்தாலும், ஆளை மடக்கித் தூக்கும்போது உடைந்த என்பு அதை நசுக்கக்கூடும். காலை அசைக்கக்கூடியவராக மரத்தடியில் கிடந்தவர், வைத்தியசாலை வாசலில் அசைக்க ஏலாதவராக இறங்குவது இப்படித்தான்.

சீவல் தொழிலாளர், கிணற்றுக்குள் விழுந்தவர், துறையில் ஆழம் பாராமல் தலைகீழாகப் பாய்ந்த இளைஞர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர் எல்லோருக்கும் ஒரே விதிதான். கழுத்து அல்லது முதுகு நோகிறது, கைகால் விறைக்கிறது என்று சொன்னாலோ, ஆள் மயங்கிக் கிடந்தாலோ, முள்ளந்தண்டு உடைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது வரும்வரை ஒருவர் தலைமாட்டில் இருந்து, தலையையும் கழுத்தையும் கிடந்த நிலையிலேயே இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருக்கட்டும். எழுப்பி இருத்துவதும் தண்ணீர் பருக்குவதும் வேண்டாம். வாந்தி எடுத்தாலோ மூச்சு அடைத்தாலோ, மூன்று நான்கு பேர் சேர்ந்து தலை, உடம்பு, இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், முறுக்காமல், பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அம்புலன்ஸ் வர வழியே இல்லாவிட்டால் கதவுப் பலகை ஒன்றில் நேராகக் கிடத்திச் சாரத்தால் கட்டிக் கொண்டுபோகலாம்.

எக்ஸ்ரே எடுக்குமுன் எண்ணெய் தடவி இழுப்பதையும் புக்கை கட்டுவதையும் நான் எதிர்க்கிறேன். முறிவு தறிவு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களும் இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

முதல் 24 மணித்தியாலம்

அறுந்த முண்ணாணை மீண்டும் வளரவைக்கும் சத்திரசிகிச்சை இன்றுவரை இல்லை. ‘ஸ்டெம் செல்’ ஊசியால் நடக்கவைப்போம் என்று பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் செய்வது இரண்டு வேலை: நசுக்கும் என்பையும், முள்ளென்புகளுக்கு நடுவேயுள்ள இடைத்தட்டையும் (டிஸ்க்) அகற்றி முண்ணாணுக்கு இடம் கொடுப்பது, பின் திருகாணியும் கம்பியும் பூட்டி முள்ளந்தண்டை நிலைநிறுத்துவது.

இதை எப்போது செய்வது என்பதுதான் நெடுநாள் விவாதமாக இருந்தது. கனடாவின் மைக்கேல் ஃபெலிங்ஸ் தலைமையில் கழுத்து முண்ணாண் காயமுற்ற 313 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. காயமுற்று 24 மணித்தியாலத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களில் 100க்கு சுமார் 20 பேர், ஆறு மாதத்தில், காயத்தின் கடுமையை அளக்கும் ஐந்து படிகளில் குறைந்தது இரண்டு படி முன்னேறியிருந்தார்கள். தாமதித்துச் செய்தவர்களில் அப்படி முன்னேறியோர் 100க்கு சுமார் 9 பேர். எல்லோரும் எழுந்து நடந்துவிடவில்லை. ஆனால் கரண்டியைத் தானே பிடித்துச் சாப்பிடுவதற்கும் பிறர் ஊட்டிவிடுவதற்கும் இடையிலுள்ள தூரம் ஒரு படியாகவே இருக்கலாம்.

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை சுமார் 33 கிலோமீற்றர். மந்திகை ஆதார வைத்தியசாலையில் முதல் சிகிச்சை பெற்று அங்கே மாற்றப்படுபவருக்கு 24 மணித்தியாலம் போதாத நேரம் அல்ல. “விடியட்டும், பார்ப்போம்” என்று ஓர் இரவை வீட்டிலேயே கழிக்கும்போதுதான் அது போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

உணர்ச்சி இல்லாத உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புவது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. போரில் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களைப் பராமரிக்கும் வன்னிக் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாங்குளத்தில் ‘உயிரிழை’ அமைப்பு இவர்களுக்காகவே இயங்குகிறது.

முண்ணாண் காயத்தோடு வாழ்க்கை முடிந்துவிடுவதும் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் முண்ணாண் பாதிக்கப்பட்டு நடக்க முடியாதவரானார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்கும் அவரே மூலகாரணம்.

நாரி நோ காலுக்கு இறங்கினால்

படகை மணலில் இழுப்பது, எஞ்சினைத் தோளில் சுமப்பது, வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பது என்று எங்கள் தொழில்கள் நாரியை வருத்துபவை. இடைத்தட்டின் உள்ளே இருக்கும் மென்பகுதி வெளியே பிதுங்கி நரம்பில் முட்டும்போது பிட்டத்திலிருந்து பாதம்வரை உளைவு இறங்குகிறது. காலுக்கு இறங்கும் இந்த நோவுக்குப் பிதுங்கிய இடைத்தட்டுக் காரணமாகலாம் என்று மருத்துவ உலகம் ஏற்றது 1934இல், பொஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்னும் இரு சத்திரசிகிச்சை நிபுணர்களின் கட்டுரைக்குப் பின்னர்தான். அதன் பிறகு ஒப்பரேசன்கள் பெருகின. அவை எவ்வளவு தேவை என்ற கேள்வி பிந்தித்தான் எழுந்தது.

நெதர்லாந்தில், ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகளாகக் கடும் கால் உளைவோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு விரைவாகச் சத்திரசிகிச்சை. மற்றவர்களுக்கு மருந்தும் இயன்மருத்துவமும், தேவைப்பட்டால் மட்டும் பின்னர் சத்திரசிகிச்சை. 2007இல் வெளியான முடிவில், முதல் பகுதியினரின் நோ விரைவாகத் தணிந்தது உண்மை. ஒரு வருட முடிவில் இரு பகுதியிலும் 95 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது பலரிடம் நடக்கிறது.

அறிக்கையில் எழுதியிருப்பது

“டிஸ்க் விலகிப்போச்சாம், வெட்டாட்டிப் படுக்கைதானாம்” என்று அழுதுகொண்டு வருபவர்களின் கையில் எம்.ஆர்.ஐ. அறிக்கை இருக்கும். நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கான் படங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஐம்பது வயதில் 80 சதவீதத்தினருக்கு இடைத்தட்டுத் தேய்வும், 60 சதவீதத்தினருக்கு வீக்கமும் இருந்தன. இருபது வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்குத் தேய்வு. அவர்களுக்கு நாரியில் ஒரு குறையும் இல்லை! ஆகவே படத்தில் தெரியும் விலகல், நோகும் இடத்தோடும் விறைக்கும் விரலோடும் பொருந்துகிறதா என்று வைத்தியர் ஆளைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். படத்துக்கு மட்டும் ஒப்பரேசன் செய்வது சரியல்ல.

கோயம்புத்தூரில் கண்டது

இடைத்தட்டின் வெளி வளையம் கிழிந்துதான் உள்ளே இருப்பது பிதுங்குகிறது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழுவினர், சத்திரசிகிச்சைக்கு வந்த 181 பேரின் படங்களையும் அகற்றிய துண்டுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 65 சதவீதத்தினரில், இடைத்தட்டு முள்ளென்போடு பொருந்தும் முனைத்தட்டே பெயர்ந்திருந்தது. 2013இல் வெளியான இந்த ஆய்வு சர்வதேசப் பரிசும் பெற்றது. வளர்ந்தவர்களின் இடைத்தட்டுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. முனைத்தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் அதன் உணவு. அந்த வாசல் பழுதானால் இடைத்தட்டும் வாடுகிறது என்பதை இதே மருத்துவர் முன்னர் ஸ்கான் மூலம் காட்டியிருந்தார். தமிழ் மண்ணில் நடந்த இந்த வேலையை நாம் இன்னும் அறிந்து பெருமைப்பட வேண்டும்.

எப்போது பொறுக்கக்கூடாது

ஆறு கிழமைக்கு மேலாகியும் கால் உளைவு தூங்கவிடவில்லை என்றால் ஒப்பரேசன் நல்ல தெரிவு. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்புக் கழன்று விழுந்தால், அதற்கு முன்னரே நிபுணரைக் காண வேண்டும்.

பெரிய விலகல் ஒன்று நாரியின் கீழுள்ள நரம்புக் கற்றை முழுவதையும் நசுக்கினால் சிறுநீர் போவது தடைப்படும் அல்லது அறியாமல் போகும். தொடைகளின் உட்புறமும் மலவாசலைச் சுற்றியும் மரத்துப்போகும். இரண்டு கால்களும் தளரும். இங்கே ஆறு கிழமைப் பேச்சு இல்லை. 48 மணித்தியாலத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களே கூடுதலாகத் தேறினார்கள் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. அதற்கும் முந்தினால் இன்னும் நல்லது. எங்கள் பெண்கள் பலர் வைத்தியரிடம் நாரி நோவை மட்டும் சொல்லிவிட்டு, வெட்கத்தால் இந்த அறிகுறிகளை மறைத்துவிடுகிறார்கள். நடுச்சாமம் என்றாலும் மந்திகைக்குப் போங்கள். அங்கே நாரி நோவைச் சொல்வதற்கு முன், சலம் போகவில்லை என்பதையும் அந்த இடம் மரத்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.