ஆண்ட்ரோமீடாவின் கோடுகள்

மார்கழி முன்னிரவில், நிலவில்லாத நாளாகப் பார்த்து, குப்பம் ஊரின் தெருவிளக்குகளைத் தாண்டிப்போய் வடக்கே அண்ணாந்து பாருங்கள். மங்கலான ஒரு வெண்திட்டு தெரியும். அதுதான் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

குப்பத்திலிருந்து காவலூர் வான் ஆய்வகம் நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயிலில் ஜோலார்பேட்டை, வாணியம்பாடி வரை வந்து, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏற வேண்டும். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. இங்குள்ள பெரிய தொலைநோக்கி அவருடைய கனவு. ஆனால் 1982இலேயே அவர் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியபோது அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். இருட்டில் விரிந்த நம் கண்மணியைவிட லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டக்கூடியது.

திரட்டிய ஒளியை வைத்துப் படம் எடுப்பது பாதி வேலைதான். அதை நிறமாலைமானிக்குள் செலுத்தி நிறம் நிறமாகப் பிரித்தால், ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். குப்பம் ஸ்டேஷனில் நிற்காமல் ஓடும் ரயிலின் ஹார்ன், நெருங்கும்போது கீச்சென்றும் விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? ஒளியிலும் அப்படித்தான். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும். விலகினால் சிவப்புப் பக்கம். 1912இல் அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைஃபர் ஆண்ட்ரோமீடாவின் நிறமாலையை அளந்தபோது, அது நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வருவது தெரிந்தது. மற்ற கேலக்ஸிகளில் பெரும்பாலானவை விலகிப் போகின்றன.

ஆண்ட்ரோமீடாவின் வெவ்வேறு இடங்களில் இந்த ஹைட்ரஜன் கோட்டை அளந்தார்கள் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால், மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக வாயு மேகங்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும். 1970இல் அவர்கள் வெளியிட்ட அளவீடுகளிலோ, வேகம் அப்படிச் சரியவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றின் ஈர்ப்பு அங்கே இருக்கிறது என்ற எண்ணத்துக்கு இத்தகைய அளவீடுகளே வலுச்சேர்த்தன. அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது எதனால் ஆனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கேலக்ஸி என்றதும் வண்ணப்படங்களையே மக்களுக்குக் காட்டுகிறோம். எனக்கு அது போதாது. காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், ஒரு கேலக்ஸியின் நிறமாலையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கட்டும்.