ஒருமுறை வார்த்த எடைக்கல்

'கேஷ்' என்றதும் வியாபாரிக்குக் கல்லாப்பெட்டி ரொக்கம்தான் நினைவுக்கு வரும். கணினியில் அது வேறு: ஒருமுறை பாடுபட்டுச் செய்ததை மறுமுறைக்கு எடுத்துவைப்பது.

அலான்சோ சர்ச் 1930களில் வகுத்த கணிதத்திலிருந்து வந்த பெயர் 'லாம்ப்டா'. அதாவது, பெயரில்லாத சிறு கணக்குவழி. 2007இல் வந்த சி ஷார்ப் 3.0 மொழி இதை இரண்டு விதமாகத் தந்தது. ஒன்று, நேரே ஓடுவது. மற்றது, நிரல் ஓடும்போதே பிரித்துப் பார்க்கத்தக்க 'எக்ஸ்பிரஷன் ட்ரீ' என்னும் வரைபடம். வரைபடம் தானாக ஓடாது, 'கம்பைல்' செய்யவேண்டும். கணக்கைப் போடுவதைக் காட்டிலும் அது பல மடங்கு கனமான வேலை. ஆகவே ஒருமுறை கம்பைல் செய்ததை 'டிக்‌ஷனரி'யில் வைத்துக்கொள்வார்கள்.

என் கடை பில்லுக்கு நானே எழுதிய நிரலில் இங்கேதான் இரண்டு தரம் சறுக்கினேன். முதலில் ட்ரீயையே சாவியாக வைத்தேன். எழுத்து ஒன்றாயிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் புது ட்ரீ பிறக்கிறது. பழையது அகப்படவே இல்லை. டிக்‌ஷனரி மட்டும் பெருத்துக்கொண்டே போச்சு.

பிறகு கணக்கின் பெயரைச் சாவியாக்கினேன். வேகம் வந்தது, கூடவே தப்பும் வந்தது. முதல் வாடிக்கையாளரின் தள்ளுபடி வீதத்தை லாம்ப்டா உள்ளேயே பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் அதையே போட்டது. 10 சதவீதம் பெறவேண்டியவருக்கு 5 தான் கிடைத்தது. தேடிப்போய் மீதியைக் கொடுத்துவந்தேன்.

எடைக்கல்லில் எடையைப் பொறிப்போம், விலையைப் பொறிப்போமா? மாறாத கணக்குவழியைக் கேஷில் வைக்கவேண்டும். மாறும் வீதத்தை ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். கணினி வேலையிலுள்ள நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். எனக்குப் பட்டபிறகுதான் தெரிந்தது.