வெறும் கல்லா... கற்காலக் கருவியா? போடி மலைச்சரிவில் காலில் இடறும் கல்லை அடையாளம் காண்பது எப்படி?

போடிநாயக்கனூரில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மலையடிவாரம் அலசி விட்டதுபோல இருக்கும். மேல்மண் கரைந்து ஓடியிருக்கும். ஓடைக்கரைகளில் அதுவரை புதைந்து கிடந்த வெங்கச்சங்கற்கள் வெள்ளை வெளேரென்று தலைகாட்டும். ஆடு மேய்ப்பவர்களும், மாந்தோப்புக்குக் காவல் இருப்பவர்களும், விடியும் முன்பே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் அந்தக் கற்களைத் தினமும் தாண்டித்தான் போகிறார்கள்.

அவற்றில் பெரும்பாலானவை வெறும் கற்கள்தான். ஆனால், எங்கோ ஒன்று, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் கையில் பிடித்து இறைச்சி அறுத்த கத்தியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கருவி மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்? அதைவிட முக்கியமாக, எதைச் செய்யக் கூடாது?

பல்லாவரத்தில் கிடைத்த முதல் கல்

இந்தியாவின் கற்கால ஆய்வு தொடங்கியதே தமிழ்நாட்டில்தான். 1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லை ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்துப் பார்த்தார். அவர் தொல்லியல் அறிஞர் அல்ல. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த 28 வயது இளைஞர். பாறைகளைப் பார்த்துப் பழகிய அவரது கண்ணுக்கு, அந்தக் கல் தானாக உடைந்ததல்ல, யாரோ திட்டமிட்டுத் தட்டி உருவாக்கியது என்று பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில், ஃபூட்டும் அவரது சக ஊழியர் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். ஃபூட் பல ஆண்டுகள் அலைந்து சேகரித்த கற்கருவிகள் பின்னர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

ஃபூட்டுக்கு முன்பும் எத்தனையோ பேர் அந்தக் குழியைக் கடந்து போயிருப்பார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் அவரை வேறுபடுத்தியது.

சக்கிமுக்கிக் கல் இங்கே உண்டா?

கற்காலக் கருவி என்றதும் பலருக்கும் சக்கிமுக்கிக் கல்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் சுண்ணப் பாறைகளுக்கு நடுவே கறுப்பும் சாம்பலுமாகக் கட்டி கட்டியாகக் கிடைக்கும் கல் அது. அங்கே கற்கால மனிதர்கள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். 

நம் ஊரில் அந்தச் சுண்ணப் பாறை கிடையாது. எனவே, அருகில் கிடைத்த நல்ல கல் எதுவோ, அதுவே இங்கே கருவியானது. சென்னையைச் சுற்றிய பகுதிகளில் குவார்ட்சைட் கூழாங்கற்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் குவார்ட்ஸும் செர்ட்டும். தேரிகளின் சிறு கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. போடிக்கு இன்னும் பக்கத்தில், மதுரை மாவட்டத்தின் மேல் குண்டாற்றுப் பகுதியிலும் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அங்கே விரிவாகக் கள ஆய்வு செய்தவர் தொல்லியல் அறிஞர் வீ.செல்வகுமார்.

போடியைச் சுற்றிய மலைகள் பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறையால் ஆனவை. நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்காகப் பேசப்பட்ட பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையும் இதே பாறைதான். இது கரடுமுரடாக உடையும். கூரான, மெல்லிய சில்லு எடுக்க ஏற்றதல்ல. ஆனால், இந்தப் பாறைகளுக்கு நடுவே வெள்ளை நரம்பு ஓடியதுபோல குவார்ட்ஸ் இருக்கும். ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்வது இதைத்தான். இதன் சில்லு பிளேடு மாதிரி அறுக்கும். இந்த மண்ணில் தேடுகிறவர்கள் கறுப்புக் கல்லை விட்டுவிட்டு, வெள்ளைக் கல்லைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

இலங்கையின் ஃபாஹியன் குகை இதற்கு நல்ல உதாரணம். மழைக்காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தக் குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்ததை 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. குரங்கையும் அணிலையும் வேட்டையாடிய அவர்கள் விட்டுச் சென்றவை குவார்ட்ஸில் செய்த சின்னச் சின்னக் கருவிகள்தான். அடர்ந்த மலைக்காட்டில் ஆதி மனிதர்களால் பிழைத்திருக்க முடியாது என்ற பழைய எண்ணத்தை அந்த வெள்ளைச் சில்லுகள் அசைத்துவிட்டன.

உடைந்த கல்லா, உடைக்கப்பட்ட கல்லா?

வெயிலில் வெடித்தும், வெள்ளத்தில் உருண்டு மோதியும் கல் உடையும். மனிதர் உடைத்த கல்லில் வேறு சில தடயங்கள் இருக்கும். அவற்றில் ஆறு முக்கியமானவை.

1. அடி விழுந்த இடம்: கெட்டியான கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகம் உடைந்தால், உடைந்த முகம் சிப்பி ஓட்டின் உட்புறம்போல வளைந்திருக்கும். அதில் அலை அலையாக வளையங்கள் தெரியும். செர்ட் போன்ற நயமான கல்லும் அப்படித்தான் உடையும். அடி விழுந்த புள்ளிக்குக் கீழே சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும். பெயர்ந்து வந்த சில்லில் புடைப்பு இருந்தால், தாய்க்கல்லில் அதே இடத்தில் குழிவு இருக்கும்.

2. செதில் தழும்புகள்: ஒரு சில்லு பெயர்ந்த தழும்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே பக்கத்திலிருந்து அல்லது இரு பக்கமும் மாறி மாறி எடுக்கப்பட்டிருந்தால் அதில் ஒரு திட்டம் இருக்கிறது.

3. ஓரம்: கருக்கரிவாளின் பற்களைப்போல, ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக வரிசையாகக் கொத்தியிருந்தால் கூர்மைப்படுத்தியதன் அடையாளமாக இருக்கலாம். இயற்கையாகச் சிதைந்த ஓரத்தில் இந்த ஒழுங்கு பொதுவாக இருக்காது.

4. வடிவம்: இடமும் வலமும் ஒத்துப்போகும் அமைப்பு, கையில் பிடிக்க வாகான ஒரு முனை, வேலை செய்ய ஏற்ற மறுமுனை ஆகியவற்றைப் பாருங்கள். ஆனால், வடிவத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

5. பழைய மேற்பரப்பு: நெடுங்காலம் கிடந்த கல்லின் தழும்புகளும் மங்கி, நிறம் மாறி, கல்லின் மற்ற பரப்போடு ஒன்றியிருக்கும். பளிச்சென்று புதிதாகத் தெரிந்தால், அது போன வாரம் கலப்பையிலோ ஜே.சி.பி-யிலோ அடிபட்டதாக இருக்கலாம்.

6. கூட்டம்: கருவி செய்த இடத்தில், தச்சர் பட்டறையில் மரச்சீவல் கிடப்பதுபோல, கழிவுச் சில்லுகளும் சில்லு எடுத்த தாய்க்கல்லும் சேர்ந்தே கிடக்கும். தனியாகக் கிடக்கும் ஒரு கல் நம்மை ஏமாற்றிவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வெங்கச்சங்கல் பெரும்பாலும் கற்கண்டைத் தட்டியதுபோலக் கோணல்மாணலாகச் சிதறும். அதனால் மேலே சொன்ன புடைப்பும் வளையங்களும் அதில் தெளிவாகத் தெரியாது. பழகிய ஆய்வாளர்கள்கூட கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே முடிவுக்கு வருவார்கள்.

மூன்று காலம், மூன்று வடிவம்

பழைய கற்காலத்தின் அடையாளம் கைக்கோடரி. உள்ளங்கையை நிறைக்கும் அளவில், நீர்த்துளியைப்போல ஒரு முனை கூம்பியும் மறுமுனை அகன்றும் இருக்கும். இரண்டு முகங்களிலும் செதுக்கியிருப்பார்கள்.

அடுத்து நுண்கற்கருவிகள். விரல் நகம் அளவிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரை. பிறை, முக்கோணம் போன்ற வடிவங்கள். தனியாகப் பார்த்தால், 'இதை வைத்து என்ன செய்ய முடியும்?' என்று தோன்றும். மரத்தண்டிலோ எலும்பிலோ பிசின் வைத்து வரிசையாகப் பதித்தால், அதுவே அம்பு முனையாகவும் அறுக்கும் கத்தியாகவும் மாறிவிடும். மரம் மக்கிப்போனது. கல் மட்டும் நம் கைக்கு வருகிறது.

மூன்றாவது, புதிய கற்காலத்தின் மெருகேற்றிய கோடரி. இதைச் செய்த முறையை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். அம்மி கொத்துவதுபோலக் கல்லைக் கொத்திக் கொத்தி உருவம் கொண்டுவந்து, பிறகு கத்தியைச் சாணை பிடிப்பதுபோலப் பாறையில் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். சேர்வராயன் மலை போன்ற இடங்களில் உழவில் கிடைத்த இத்தகைய கோடரிகளை மக்கள் பிள்ளையார் சந்நிதிகளில் வைத்து வழிபட்டு வந்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலோ, இடி இடிக்கும்போது வானத்திலிருந்து விழுந்தவை என்று இவற்றை நம்பினார்கள். எங்கேயும் மனிதர்கள் இந்தக் கற்களைச் சாதாரணக் கல்லாக நினைக்கவில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

ஏமாற்றும் கற்கள்

கொட்டக்குடி ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல், மெருகேற்றிய கோடரி மாதிரியே இருக்கும். வெட்டும் முனையில் தீட்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். உடைந்த அம்மிக் குழவி, அரிவாள் தீட்டிய கல் ஆகியவையும் பழங்காலப் பொருள்களைப்போலத் தோன்றும். தீப்பெட்டி புழக்கத்துக்கு வருவதற்கு முன், நெருப்பு மூட்டத் தட்டிய கல்லின் சில்லுகளும் இந்தப் பட்டியலில் சேரும். சாலை போட உடைத்த ஜல்லியோ நாலா பக்கமும் கூராகவே இருக்கும். ஆனால், எந்தத் தழும்பிலும் பழைய நிறம் இருக்காது.

கல்லைவிட, அது கிடக்கும் இடம் பெரிது

அத்திரம்பாக்கத்தில் ஃபூட் கருவிகளைக் கண்டெடுத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1999-ல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே அகழாய்வைத் தொடங்கியது. கருவிகளையும் அவை கிடந்த மண் அடுக்குகளையும் அறிவியல் முறைகளில் ஆராய்ந்து, மிகப் பழைய கைக்கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். 7,000-க்கும் மேற்பட்ட கற்பொருள்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட கட்டுரையில், கைக்கோடரிகளை விட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறும் போக்கு அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றார்கள்.

இந்த எண்களைக் கல் மட்டும் தனியாகச் சொல்லவில்லை. கல்லைச் சுற்றியிருந்த மண்ணும் அடுக்கும் சேர்ந்துதான் சொல்லின. அதே கல்லை யாராவது எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால், அது அழகான ஒரு கல். அவ்வளவுதான்.

2006-ல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டியபோது ஒரு கற்கோடரி கிடைத்தது. அதை அவர் பொறுப்பாகத் தொல்லியல் துறையினரிடம் சேர்த்தார். அதிலிருந்த குறியீடுகள் சிந்துவெளி எழுத்துகளே என்று அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. அந்த ஆசிரியர் தூக்கிப் போட்டிருந்தால் அந்த விவாதமே நடந்திருக்காது. அதே நேரம், குழியிலிருந்து கல் வெளியே வந்துவிட்டதால், அது எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்று நேரில் பார்க்கும் வாய்ப்பும் குறைந்துபோனது.

அதே 2006-ல் தேனி மாவட்டத்துக்கும் ஒரு பெருமை கிடைத்தது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழி எழுத்துகள் பொறித்த மிகப் பழைய நடுகற்களைக் கண்டறிந்தது. கற்கருவிகளோடு ஒப்பிட்டால் அவை நேற்றைய சமாசாரம். ஆனாலும், வைகைக் கரையில் ஊர் ஊராக நடந்து தேடியவர்களுக்குத்தான் அவை கிடைத்தன.

கண்டால் என்ன செய்வது?

* கல்லை அங்கேயே விடுங்கள். சுற்றிலும் தோண்டிப் பார்க்க வேண்டாம். கழுவவோ, உடைத்துப் பார்க்கவோ வேண்டாம்.
* பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அப்போதுதான் அளவு தெரியும். அருகில் ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம்.
* மொபைலில் லொகேஷனைச் சேமியுங்கள். ஓடையா, வயலா, பாறை ஒதுக்கா, மண்ணின் நிறம் என்ன, வேறு சில்லுகள் உண்டா என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள்.
* வி.ஏ.ஓ அல்லது வட்டாட்சியர் அலுவலகம் மூலமாகவோ, நேரடியாகவோ தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.
* ஏற்கெனவே குழி தோண்டியபோது வெளியே வந்துவிட்டதா? எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் என்று எழுதி, கல்லோடு சேர்த்தே ஒப்படையுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருள்கள் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். தொல்பொருள்களை உரிமம் இல்லாமல் விற்பதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.
* கல்லைத் தேடுவதற்கென்று அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். 2018-ல் குரங்கணிக் காட்டுத் தீயில் போன உயிர்களைப் போடி இன்னும் மறக்கவில்லை.

மலைச்சரிவு அப்படியே இருப்பதில்லை. கன்று நடக் குழி எடுக்கிறார்கள். சாலைக்கும் கட்டடத்துக்கும் மண் அள்ளுகிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகள் படிந்த அடுக்கைக் கலைக்க ஜே.சி.பி-க்கு ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு சரிவிலும் ஆய்வாளரை நிறுத்த எந்தத் துறையாலும் முடியாது. ஆனால், அந்தச் சரிவில் தினமும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்கள், விவசாயிகள், ஆடு மேய்ப்பவர்கள், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, படம் எடுத்து, கல்லை அங்கேயே விட்டுவிட்டு உரியவர்களிடம் சொன்னால் போதும். அந்தக் கல்லின் வயதைக் கண்டுபிடிக்க வழி பிறக்கும்.