சாடியிற் கற்றாழை அழுகுவதேன்?

முற்றத்துச் சாடியில் வளரும் கற்றாழையின் மடல்கள் துவண்டு சாய்ந்தால், தாகமென்றெண்ணி மேலும் நீர் வார்ப்பாருளர். அன்பினாற் செய்யும் அச்செயலே பல வேளைகளிற் செடியைக் கொன்றுவிடுகிறது.

நோயை விரலாலேயே அறியலாம். நீர் குறைந்த மடல் மெலிந்து சுருங்கும். ஆயினும் அழுத்தினாற் குழையாது. நீர் மிகுந்த மடலோ நிறம் மங்கி, கனிந்த பழம்போற் குழைந்துவிடும். மண்ணின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொள்வதால் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. அவ்வாறு நலிந்த வேரைப் பூஞ்சணம் பற்றி அழுகச் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் மாரிமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் சாடியைத் தாழ்வாரத்தில் வைத்தல் நன்று.

அழுகல் கண்டவுடன் செடியைப் பெயர்த்து, கறுத்துக் குழைந்த வேர்களையும் மடல்களையும் தூய கத்தியால் நீக்குதல் வேண்டும். இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தியபின், உப்பற்ற பருமணல் பாதியளவு கலந்த புதுமண்ணில், அடியில் துளையுள்ள சாடியில் நடவேண்டும். ஒரு வாரம் நீர் வார்த்தலாகாது. பின்னரும் மண் நன்கு காய்ந்தபோதே வார்த்தல் வேண்டும்.

அடித்தண்டே குழைந்திருப்பின் தாய்ச்செடி பிழைத்தல் அரிது; உறுதியான பக்கக்கன்று இருந்தால் அதனைப் பிரித்து நடலாம். குழைந்த மடல் மீண்டும் நிமிராது. நடுவே புதுக்குருத்து எழுமாயின், செடி பிழைத்ததென்று கொள்ளலாம்.